இலையை ஒட்டுவதற்கு முன்: கோடு, வடிவம், இயற்கைப் பொருள்

கேள்வி இதுதான்: பார்த்ததைப் பார்த்தபடி பென்சிலில் வரையப் பழகிய ஒருவர், கோட்டையும் வடிவத்தையும் இலை, குச்சி, மண் போன்ற இயற்கைப் பொருள்களையும் கொண்டு சோதனை முறையில் வரையத் தொடங்கியிருக்கிறார். உலர்ந்த இலைகளைத் தாளில் ஒட்டி, அவற்றைச் சுற்றிக் கோடுகள் போட்டுப் பார்த்தால், வாழ்த்து அட்டை போல அழகாக இருக்கிறதே தவிர ஓவியமாக நிற்கவில்லை என்கிறார். எங்கே தவறுகிறது, எப்படித் தொடங்குவது, இப்படிச் செய்பவை எத்தனை நாள் தாங்கும் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கிறார்.

முதல் கேள்விக்கான பதில் சுருக்கமானது. படம் எப்படி முடியவேண்டும் என்பதை மனத்தில் முடித்து வைத்துக்கொண்டு, அதற்குச் சூட்டுவதற்காக இலையைத் தேடியிருக்கிறீர்கள். இலை வந்து சேர்ந்தபோது அது செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சமிருக்கவில்லை, ஆகவே அலங்காரமாகிவிட்டது. சோதனை என்ற சொல்லை நான் சற்றுக் கறாராகவே எடுத்துக்கொள்கிறேன். சோதனைக்கூடத்தில் இருப்பவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பதில்லை. ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கட்டிப்போட்டுவிட்டு, அந்த ஒன்று என்ன செய்கிறது என்று பார்க்கிறார். வரைவதிலும் அப்படித்தான். தாள், மை, அளவு, நேரம் ஆகியவற்றை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு, குச்சியையோ மண்ணையோ அதன் போக்கில் விட்டு, அது போடும் தடத்தைப் பார்த்த பிறகே அடுத்த முடிவை எடுப்பதுதான் நான் புரிந்துகொண்ட சோதனை ஓவியம். என்ன வரப்போகிறது என்று முன்பே தெரிந்த ஒன்றைப் புதுப் பொருளால் செய்தால் அது கைவேலை. கைவேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது வேறு என்பதால் பிரித்துச் சொல்கிறேன்.

கோட்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பென்சிலில் பழகிய கைக்கு மிகப் பெரிய தடை அங்கேதான் இருக்கிறது. பென்சில் மேலே போனாலும் கீழே வந்தாலும், வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும், ஏறக்குறைய ஒரே மாதிரியான கோட்டைத் தருகிறது. அதனால் கோடு என்பது ஒரு பொருளின் விளிம்பைக் காட்டும் குறி என்றே கை நம்பிவிடுகிறது. கோட்டுக்கென்று ஒரு உடம்பு உண்டு என்பது மறந்துபோகிறது. அந்த நம்பிக்கையை உடைக்க ஒரு காய்ந்த குச்சி போதும். பென்சிலைவிடச் சற்றுத் தடிமனான, ஒரு சாண் நீளமுள்ள குச்சி ஒன்றை எடுத்து, ஒரு முனையைக் கத்தியால் சாய்வாகச் சீவுங்கள். மறுமுனையைக் கல்லில் வைத்து நார் பிரியும் வரை நசுக்குங்கள். கறுப்பு மையில் சீவிய முனையைத் தோய்த்து, தாளின் இடது ஓரத்தில் வைத்து, ஒரே இழுப்பில் வலது ஓரம் வரை போகப் பாருங்கள். போகாது. வைத்த இடத்தில் முதலில் ஒரு சொட்டு தேங்கும். அதிலிருந்து கோடு பளபளவென்று ஈரமாகக் கிளம்பும். சிறிது தூரத்தில் மெலியும். பிறகு இரண்டு இழைகளாகப் பிரியும். இன்னும் சற்றுத் தள்ளித் தாளின் மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு புள்ளிகளாகச் சிதறி, ஏறக்குறைய ஒரு கையகலத்தில் நின்றுவிடும். குச்சிக்கு மையைச் சேமித்து வைக்க இடமில்லை, மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பது மட்டுமே அதன் கையிருப்பு என்பதுதான் காரணம். பட்டையை உரிக்காத குச்சி இன்னும் கொஞ்ச தூரம் போகும். நாணல் உள்ளே கூடாக இருப்பதாலும், நுனியைப் பிளந்து சீவலாம் என்பதாலும் அதைவிட அதிக தூரம் போகும். வான் கோ 1888-இல் ஆர்ல் நகரில் இருந்தபோது நாணல் பேனாவால் வரைந்த நிலக்காட்சிகளில் கோடுகள் ஏன் அவ்வளவு குட்டையாக, குத்துகளாகவும் வெட்டுகளாகவும் இருக்கின்றன என்பது, ஒரு முறை நாணலைத் தோய்த்து இழுத்துப் பார்த்தவருக்குச் சொல்லாமலே விளங்கும். கருவியின் மூச்சு எவ்வளவோ அவ்வளவுதான் அவர் கோட்டின் நீளம். அந்தக் குறையை மறைக்க முயலாமல், வயலுக்கு ஒரு வகைக் குத்து, வானத்துக்கு ஒரு வகைப் புள்ளி என்று அதையே மொழியாக்கிக்கொண்டார்.

இந்தக் குச்சியைக் கொண்டு முதல் வாரம் எந்தப் பொருளையும் வரையவேண்டாம் என்பேன். ஒரே மை, ஒரே தாள், ஒரே குச்சி. மாறுவது வேகம் மட்டும். அடுத்த தாள்களில் வேகத்தைக் கட்டிவிட்டு அழுத்தத்தை மாற்றுங்கள். அதற்கடுத்து, கைக்கும் தாளுக்கும் இடையே உள்ள தூரத்தை மாற்றுங்கள்: குச்சியை ஒரு மீட்டர் நீளமுள்ள கழியின் முனையில் கட்டி, தாளைத் தரையில் போட்டு, நின்றுகொண்டு வரையுங்கள். விரல்களின் சாமர்த்தியம் அத்தனையும் அப்போது செல்லாமல் போய், தோளும் இடுப்பும் வரையத் தொடங்கும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1931-இல் நடனம் பற்றிய பெரிய சுவரோவியத்துக்காக நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரியைக் கட்டி வரைந்தார். கையின் பழக்கத்திலிருந்து கோட்டை விலக்கிவைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. நடுங்கும், கோணும், தவறிப்போகும். ஆனால் பொய் சொல்லாது.

கோடு கருவியிலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளவேண்டும். புல்லின் தண்டு, வேர், கொடி, காய்ந்த சேற்றின் வெடிப்பு, பூச்சி அரித்த மரத்தின் தடம் ஆகிய எல்லாம் ஏற்கெனவே கோடுகள்தான். அவற்றைப் பார்த்து வரைவதைவிட, அவை எப்படி உண்டாயின என்ற விதியைப் பிடித்துக்கொண்டு வரைவது அதிக பலன் தரும். கிளைக்கும் மரத்தில் ஒவ்வொரு உயரத்திலும் உள்ள கிளைகளின் பருமனையெல்லாம் சேர்த்தால் அடிமரத்தின் பருமன் வரும் என்று லியொனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் எழுதினார். இதை ஒரு வரையும் விதியாக எடுத்துக்கொண்டு, கெட்டியான ஒரு மைக்கோட்டில் தொடங்கி, பிரியும் ஒவ்வொரு இடத்திலும் தடிமனைப் பங்கிட்டுக்கொண்டே போய்ப் பாருங்கள். எந்த மரத்தையும் பார்க்காமலே மரத்தின் நடை வந்துவிடும், அதே விதியில் ஆறும் நரம்பும் மின்னலும்கூட வரும். ஆங்கிலேயக் கலைஞர் ரிச்சர்ட் லாங் 1967-இல், மாணவராக இருக்கும்போதே, ஒரு புல்வெளியில் முன்னும் பின்னுமாக நடந்து நடந்து புல்லைப் படியவைத்து ஒரு நேர்க்கோட்டை உண்டாக்கி, அதைப் புகைப்படம் எடுத்தார். மையும் இல்லை, தாளும் இல்லை. உடலின் எடையும் திரும்பத் திரும்ப நடந்ததும் கோடாகிவிட்டன. தென்னாப்பிரிக்காவில் பிளோம்போஸ் குகையில் கிடைத்த ஒரு சிறு கல்சில்லில், ஏறக்குறைய 73,000 ஆண்டுகளுக்கு முன் காவிக்கல்லால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்த 9 கோடுகள் இருக்கின்றன. அவற்றின் பொருள் எதுவாக இருந்தாலும், இழுத்தவர் காவித்துண்டைக் கூராக்கி, சொரசொரப்பான கல்லில் அழுத்தி இழுத்தார் என்பதை அந்தக் கோட்டின் உடம்பே சொல்கிறது.

இனி வடிவம். கோடு எப்போது வடிவமாகிறது என்ற கேள்வியை ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் கற்பித்த ஓவியர் பால் கிளே மிகத் தெளிவாகப் பிரித்துவைத்தார். தன் இஷ்டத்துக்கு எங்கும் போய்த் திரிகிற கோடு ஒரு வகை. சுற்றிவந்து தன்னையே மூடிக்கொண்டு முக்கோணமாகவோ வட்டமாகவோ ஆகும்போது, பார்ப்பவருக்கு ஓடும் கோடாகவும் தெரிகிறது, நிற்கும் தளமாகவும் தெரிகிறது, இது இடைநிலை. உள்ளே நிறம் நிரம்பியதும் கோடு அடங்கிப்போய், தளத்தின் விளிம்பு என்ற அளவில் மட்டும் மிஞ்சுகிறது, இது மூன்றாவது. உங்கள் இலைப் படத்தில் நடந்ததை இதை வைத்துப் பார்க்கலாம். ஒட்டிய இலை என்பது நிரம்பிய தளம், மூன்றாம் வகை. அதன் ஓரத்தை ஒட்டியே நீங்கள் கோடு போட்டபோது, ஏற்கெனவே அடங்கிப்போன விளிம்பை மறுபடி சொன்னீர்கள். கோட்டுக்கு அங்கே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதே கோடு இலையின் நடு நரம்பிலிருந்து கிளம்பி, விளிம்பைக் கடந்து, வெற்றுத் தாளில் வெகுதூரம் போயிருந்தால், இலை நின்றும் கோடு ஓடியும் ஒன்றையொன்று இழுத்திருக்கும்.

வடிவத்தைக் கற்க நான் நம்பும் பயிற்சி ஒன்றுதான், ஆனால் அதைப் பலமுறை செய்யவேண்டும். கையில் அடங்கும் கற்கள் ஐந்தைத் தாளின் மேல் வையுங்கள். கற்களை வரையாதீர்கள், கற்களுக்கு நடுவே இருக்கும் தாளை வரையுங்கள். முதல் முயற்சியில் கண் அடிக்கடி வழுக்கிக் கல்லுக்கே திரும்பும். மூன்றாவது நான்காவது முறையில், இடைவெளி என்று நினைத்திருந்தது ஒரு இடுப்பும் இரண்டு வாலும் உள்ள விநோதமான உருவமாகத் திரண்டு நிற்பதைக் காண்பீர்கள். பிறகு அந்த உருவத்தைக் கரியால் நிரப்பிவிட்டுக் கற்களை எடுத்துவிடுங்கள். தாளில் இப்போது இருப்பது கல்லும் இல்லை, கல்லின் படமும் இல்லை. ஆனால் கற்களின் எடை இருக்கும். ஒரு கல்லை மட்டும் ஒரு விரல்கடை நகர்த்தி மறுபடி செய்து பாருங்கள். வடிவம் முற்றிலும் மாறிவிடும். பொருளை வைப்பதே வரைவதுதான் என்பது அங்கே கைக்குத் தெரியவரும். ஹான்ஸ் ஆர்ப் என்ற கலைஞர் 1916, 1917 வாக்கில் கிழித்த காகிதத் துண்டுகளைத் தற்செயலின் ஒழுங்குக்கு விட்டு ஒட்டிய படங்களை இந்தப் பயிற்சிக்குப் பிறகு பாருங்கள். அவற்றில் துண்டுகளைவிட இடைவெளிகள்தாம் அதிகம் பேசுகின்றன. அவை முழுக்கத் தற்செயலாக விழுந்தவை என்று நம்ப எனக்குச் சற்றுச் சிரமம்தான். அந்த ஒழுங்கில் கை கொஞ்சம் விளையாடியிருக்கிறது என்றே என் கண் சொல்கிறது. அதில் குற்றமும் இல்லை.

கோடு வடிவமாக மாறும் கணத்தை வேறெங்கும் இவ்வளவு வெளிப்படையாகப் பார்க்க முடியாது என்று நான் கருதுவது தாகூரின் கையெழுத்துப் படிகளில். கவிதையில் அடித்துத் திருத்திய சொற்கள் பக்கத்தில் தழும்புகளாக நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு அடித்தலை இன்னொரு அடித்தலோடு கோட்டால் இணைத்து, இணைத்ததை மையால் நிரப்பி, அலகும் முதுகும் உள்ள பெயரில்லாப் பிராணிகளாக்கினார். 1924-இல் எழுதிய கவிதைகளின் படிகளில் இது நன்றாக வளர்ந்திருந்தது. 1930-இல் பாரிசில் அவருடைய ஓவியங்கள் முதன்முறையாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. உங்களுக்கு இதில் உள்ள பாடம் மிக நேரடியானது: கெட்டுப்போன தாளைக் கிழிக்காதீர்கள். இரண்டு தவறுகளை ஒரு கோட்டால் இணைத்தால் மூன்றாவதாக ஒன்று கிடைக்கிறது. நேரெதிர்த் திசையில் போனவர் இந்திய ஓவியர் நஸ்ரீன் மொகமதி. பேனாவும் பென்சிலும் அளவுகோலும் கொண்டு, எதையும் மூடாத, எதையும் நிரப்பாத மெல்லிய இணைகோடுகளால் மட்டுமே வரைந்தவர். அவர் படத்தில் வடிவம் என்று சுட்ட ஒன்றும் இருக்காது. கோடுகளின் நெருக்கமும் விலகலும் தாளைச் சாய்க்கும், மடிக்கும். இந்த இரண்டு பேருக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை அவரவர் கைதான் முடிவு செய்யவேண்டும்.

இயற்கைப் பொருளை ஒட்டாமலே தாளுக்குள் கொண்டுவர உள்ள வழிகளில் மிகப் பழகியது தேய்த்தெடுப்பது. ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925 ஆகஸ்டில் ஒரு கடலோர விடுதியில், தேய்ந்துபோன தரைப் பலகையின் ரேகைகள் தம் கண்ணை விடாமல் பிடித்திருந்ததைக் கண்டு, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். பிறகு இலை, சாக்கு, நூல் என்று போனார். அடுத்த ஆண்டு அந்தத் தேய்ப்புகளில் 34 ஒரு தொகுப்பாக வெளிவந்தன. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் இலையின்மேல் தாள் வைத்துத் தேய்த்திருக்கிறோம். எர்ன்ஸ்ட் செய்ததற்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்றால், அவர் இலையை இலையாக முடியவிடவில்லை. பலகையின் ரேகை கடலாயிற்று, இலையின் நரம்பு மரமாயிற்று. நடைமுறையில் இதற்கு ஒரு சிறு உபாயம் உண்டு: முழுப் பொருளையும் தேய்க்காமல் பாதியில் நிறுத்தி, தாளைச் சற்றே திருப்பி, அதே பொருளின் இன்னொரு பகுதியைத் தொடர்ச்சியாகத் தேய்ப்பது. மெல்லிய தாள் வேண்டும். தடித்த ஓவியத்தாளில் ரேகை ஏறாது. பென்சிலை நுனியால் பிடிக்காமல் படுக்கவைத்துத் தேய்க்கவேண்டும். இலையானால் அடிப்பக்கம் மேலே இருக்கட்டும், நரம்பு அங்கேதான் புடைத்திருக்கும்.

அடுத்தது, வரையும் பொருளையே இயற்கையிலிருந்து உண்டாக்கிக்கொள்வது. இங்கேதான் உண்மையான வளம் இருக்கிறது, ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன்.

கரியில் தொடங்குவது நல்லது. பென்சில் தடிமனுள்ள, நன்றாகக் காய்ந்த, பட்டை நீக்கிய குச்சிகளை, இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை இட்டு, திறந்த வெளியில் நெருப்பின் மேல் வையுங்கள். துளையிலிருந்து முதலில் வெள்ளைப் புகையாக ஈரம் வரும்; பிறகு எரியக்கூடிய வாயு வரும், அது துளையிலேயே தீப்பற்றிச் சிறு சுடராக நிற்பதும் உண்டு. சுடரும் புகையும் அடங்கியதும் கரி தயார். டப்பாவை எடுத்து, துளையை அடைத்து, முழுவதும் ஆறும்வரை கட்டாயம் காத்திருக்கவேண்டும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டதும் கரி தணலாகிச் சாம்பலாகிவிடும். ஆத்துப்பாலை எனப்படும் வில்லோ மரக்குச்சி கருமையான, மிருதுவான கரியைத் தரும். திராட்சைக் கொடி சற்றுச் சாம்பல் நிறமாக எழுதும். இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி 1400-ஐ ஒட்டிய காலத்திலேயே வில்லோ குச்சிகளைக் கட்டுகளாகக் கட்டி, மூடி அடைத்த மண்பானையில் சுட்டெடுக்கும் முறையை எழுதிவைத்திருக்கிறார். ஏறக்குறைய 600 ஆண்டுகளில் பானை டப்பாவானது தவிர ஒன்றும் மாறவில்லை. வேறு மரங்களையும் சுட்டுப் பாருங்கள். ஒரு மரத்தின் கரியால் அதே மரத்தை வரைந்து, எந்த மரம் என்று தாளின் பின்னால் குறித்துவைத்தால், பொருளும் படமும் வெறும் ஒட்டு உறவில் இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று போய்விடும்.

மண் அடுத்தது. காவி, மஞ்சள், பழுப்பு மண்களின் நிறத்துக்குக் காரணம் இரும்பின் ஆக்சைடுகள். வெளிச்சத்தில் வெளுக்காத நிறங்களில் இவை முதல் வரிசையில் நிற்பவை. மண்கட்டியை நொறுக்கி, நிறைய நீரில் கலக்கி, ஒரு நிமிடம் விட்டு, கலங்கலை மட்டும் இன்னொரு பாத்திரத்தில் வடித்துக்கொள்ளுங்கள். மணல் முதல் பாத்திரத்தில் தங்கிவிடும். கலங்கல் ஓர் இரவில் அடியில் படிந்ததும் தெளிந்த நீரை இறுத்துவிட்டு வண்டலை உலர்த்தினால் நிறப்பொடி கிடைக்கும். மஞ்சள் மண்ணை இரும்புத் தட்டில் போட்டுச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வறுத்தால், அதிலுள்ள இரும்புத் தாது தன்னுள் பிணைந்திருக்கும் நீரை இழந்து சிவக்கும். ஒரே கைப்பிடி மண்ணிலிருந்து வறுக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்து ஐந்தாறு நிறங்கள் எடுக்கலாம். பொடியைத் தாளில் பிடித்துவைக்கப் பசை வேண்டும். கடையில் கிடைக்கும் அரபிக் கோந்துப் பொடி ஒரு பங்குக்குச் சுடுநீர் இரண்டு பங்கு சேர்த்து ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டிக்கொண்டால் போதும். அளவை வாயால் சொல்லமுடியாது, விரலால்தான் சொல்லவேண்டும்: காய்ந்த பூச்சில் விரலைத் தேய்த்தால் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தால் கோந்து குறைவு, பூச்சு பளபளத்து வெடித்தால் கோந்து அதிகம். உலர்ந்த பொடியைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். நுண்ணிய மண்தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

பூவும் இலையும் தரும் சாறுகளைப் பற்றிப் பலரும் உற்சாகமாகப் பேசுகிறார்கள். என் அனுபவம் அவ்வளவு இனிமையானது அல்ல. சங்குப்பூச் சாற்றில் நீலம், சிறிது எலுமிச்சை சேர்த்து ஊதா, சோடா மாவு சேர்த்துப் பச்சை என்று ஒரே பூவில் மூன்று நிறங்களை எடுத்து ஒரு வரிசைப் படங்கள் செய்து, மகிழ்ச்சியோடு சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். சில மாதங்களில் மூன்றும் ஒரே மாதிரியான தவிட்டு நிறத்துக்கு வந்து சேர்ந்தன. இத்தகைய பூ நிறங்களுக்குக் காரணமான ஆந்தோசயனின், புளிப்புக்கும் காரத்துக்கும் ஏற்ப நிறம் மாறும் அதே தளர்ச்சியால் வெளிச்சத்துக்கும் எளிதில் இடிந்துபோகிறது. மஞ்சள் கிழங்கின் நிறமும் வெளிச்சம் தாங்காது. ஆகவே எந்தச் சாற்றையும் பயன்படுத்துமுன் ஒரு தாள் பட்டையில் பூசி, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் வைத்து, வாரம் ஒருமுறை அட்டையைத் தூக்கிப் பாருங்கள். மங்கும் என்று தெரிந்தே பயன்படுத்துவதும் ஒரு தேர்வுதான். தெரியாமல் பயன்படுத்துவதுதான் வருத்தம் தரும்.

செடியிலிருந்து நிலையான கருமை வேண்டுமென்றால் துவர்ப்பைத் தேடவேண்டும். கடுக்காய், மாசிக்காய், மாதுளைத் தோல், பல மரங்களின் பட்டை ஆகியவற்றில் துவர்ப்பைத் தரும் டானின் நிறைய உண்டு. இவற்றில் ஒன்றைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றால் வரைந்தால் வெளிறிய பழுப்பாகத்தான் தெரியும். அது காய்ந்தபின், அன்னபேதி என்று பழைய பெயர் கொண்ட இரும்பு சல்பேட்டை நீரில் கரைத்து மெல்லியதாக மேலே தடவினால், கண் முன்னாலேயே சாம்பல் ஏறி, காற்றுப் பட அடுத்த சில நாள்களுக்குள் கருத்துப்போகும். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்த நீரும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும். இதில் சோதனைக்கு உகந்த ஒரு குணம் இருக்கிறது: வரையும்போது படம் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது, நீங்கள் கையை எடுத்த பின்புதான் அது வரத் தொடங்குகிறது. எவ்வளவு கருக்கும் என்பது உங்கள் கையில் முழுக்க இல்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுத்துக்கும் வரைவுக்கும் பயன்பட்ட மை இந்த வகைதான். இரும்பும் அமிலமும் மிகுந்தால் நாளடைவில் தாளையே அரித்துக் கோடு இருந்த இடத்தில் பிளவை விட்டுவிடும் என்பதும் அந்தப் பழைய தாள்களிலிருந்து தெரியவந்ததுதான். ஆகவே இரும்பு நீரை நீர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். அமிலமற்ற, 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவுள்ள தாளைப் பயன்படுத்துங்கள்.

எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்விக்குப் பாதி பதில் இதற்குள் வந்துவிட்டது. கரியும் மண்ணும் நம்மைக் கடந்து இருக்கும். கரியை மட்டும் உதிராமல் இருக்க ஃபிக்சட்டிவ் என்னும் பிடிப்புத் திரவத்தைத் தெளித்து, கண்ணாடியைத் தொடாதபடி சட்டமிடவேண்டும். பூச்சாறு போய்விடும். மீதிப் பாதி, ஒட்டிய இலை பற்றியது. பச்சை இலையை அப்படியே ஒட்டினால் அது சுருங்கும்போது தாளையும் இழுத்துச் சுருட்டும், அடியில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரத்தை உறிஞ்சும் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனம் ஏற்றி, தாள்களை நாள்தோறும் மாற்றி, முறுகும்வரை உலர்த்திய பிறகே பயன்படுத்தவேண்டும். அப்படிச் செய்தாலும் பச்சை நிற்காது. பச்சையம் சிதைந்து பழுப்புத்தான் கடைசி நிறம். பழுப்பையே மனத்தில் வைத்து அமைத்தால் ஏமாற்றம் இல்லை. ஆண்டி கோல்ட்ஸ்வொர்த்தி என்ற கலைஞர் பனிக்கட்டி, இலை, முள், கல் ஆகியவற்றால் அந்தந்த இடத்திலேயே செய்துவைக்கும் உருவங்களில் பல, சில மணி நேரமோ சில நாளோ இருந்துவிட்டு உருகியோ பறந்தோ போகின்றன. நமக்குக் கிடைப்பது புகைப்படம் மட்டுமே. நீங்கள் செய்வது தாளில் நிற்கவேண்டியதா, நிகழ்ந்து மறையவேண்டியதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரண்டாவது என்றால் பசை எதற்கு, உலர்த்துவது எதற்கு? வெளியே போய்த் தரையில் அடுக்கி, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு வந்துவிடலாம். எப்படியானாலும் உதிர்ந்ததை மட்டும் எடுங்கள். பெயர் தெரியாத செடியின் பாலும் முள்ளும் தோலைப் புண்ணாக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

இனி, இத்தனையையும் வைத்துக்கொண்டு எப்படி வேலை செய்வது என்பது. ஒரு பொருள், ஒரு கருவி, ஒரே அளவில் பன்னிரண்டு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சியும் கரியும் மண்ணும் தேய்ப்பும் ஒட்டும் எல்லாம் ஒரே தாளில் வந்தால் பொருட்காட்சி ஆகுமே தவிரப் படமாகாது. தொடங்குபவர்களிடம் நான் காணும் குறைகளில் பத்தில் எட்டு இதுதான். முதல் நான்கு தாள்கள் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததையே செய்யும், அதைத் தடுக்க முடியாது. ஐந்தாவது ஆறாவதில் சலிப்பு வரும். அந்தச் சலிப்பில்தான் கை வழக்கத்தை விட்டு விலகும், ஆகவே அங்கே நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு தாளின் பின்னாலும் நாள், பொருள், செய்த மாற்றம் மூன்றையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் குறிப்பு இல்லாமல் அந்தக் கருமை எப்படி வந்தது என்று ஒருவராலும் சொல்லமுடியாது. தாள் முடிந்ததா என்று பார்க்க, அதைத் தலைகீழாகச் சுவரில் வைத்து, அறையின் மறுகோடியிலிருந்து பாருங்கள். கண் ஒரே இடத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டால் அந்த இடம் மிகையாகச் செய்யப்பட்டிருக்கிறது. கண் கோட்டோடு போய், ஒரு வடிவத்தில் தங்கி, மறுபடி கிளம்பினால் விட்டுவிடலாம்.

தொடங்குவதற்குப் புதுத் தாள் தேவையில்லை. வாழ்த்து அட்டை போல இருக்கிறது என்று நீங்கள் ஒதுக்கிய அந்தத் தாளையே எடுங்கள். மெல்லிய கத்தியை அடியில் செருகி, இலைகளைப் பிய்ந்தாலும் பரவாயில்லை என்று ஒவ்வொன்றாக உரித்தெடுங்கள். பசையின் வரம்பு ஓரிடத்தில் இருக்கும், நரம்பின் அச்சு ஓரிடத்தில், இலையிலிருந்து இறங்கிய பழுப்புக் கறை ஓரிடத்தில். காம்பு மட்டும் வராமல் ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடும். நீங்கள் முன்பு போட்ட கோடுகள் இப்போது எதையும் சுற்றாமல், காலியான இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். கரித்துண்டைப் படுக்கவைத்து அந்தப் பசைத் தழும்பின் மேல் லேசாக ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். பசை உள்ள இடம் கரியை ஏற்காமல் வெள்ளையாகவே நின்றுவிடும், சுற்றிலும் தாள் கருக்கும்.